ஹெல்மெட் தலைக்கா... போலீஸுக்கா?

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டு டூ வீலருக்கு ஹெல்மெட் இருக்கிறதா? இருக்கும். அது இப்போது எங்கே இருக்கிறது? பெட்ரோல் டேங்க் மேலே உட்கார்ந்திருக்கிறதா? சைடு கண்ணாடியில் தொங்குகிறதா? முழங்கையில் வளையல் மாதிரி மாட்டியிருக்கிறதா? தலையைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கும் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

தினமும் நடக்கிற கதைதான். எதிரே வருகிற வண்டிக்காரர் கையைக் காட்டி, "சார், முன்னாடி செக்கிங் நடக்குது" என்று எச்சரிக்கிறார். உடனே வண்டியை ஓரங்கட்டி ஹெல்மெட்டை எடுத்து மாட்டுகிறோம். போலீஸைத் தாண்டி ஐம்பது அடி போனதும், "அப்பாடா" என்று கழற்றி மறுபடி டேங்க் மேல் வைக்கிறோம். அந்த நிமிடம் நாம் யாரை ஏமாற்றினோம்? வெயிலில் நிற்கிற அந்த போலீஸ்காரரையா? அவருக்கு இதில் என்ன நஷ்டம்?

இதில் நம் தப்பு பாதி. போலீஸ் சோதனை நடக்கிற முறை மீதி. இரண்டையும் பேசிவிடுவோம்.

எண்சாண் உடம்புக்கு...

சிரசே பிரதானம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கை ஒடிந்தால் மாவுக்கட்டு போடலாம். காலில் கம்பி வைத்து நடக்க வைத்துவிடலாம். மூளை அப்படி இல்லை. சுமார் 1,400 கிராம் எடையுள்ள, மிக மென்மையான உறுப்பு அது. மண்டை ஓட்டுக்குள்ளே திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. வண்டியிலிருந்து விழும்போது மண்டை ஓடு தரையில் மோதி நின்றுவிடும். உள்ளே இருக்கிற மூளை உடனே நிற்காது. முன்பக்கச் சுவரில் ஒரு மோதல், திரும்பிப் பின்பக்கம் ஒரு மோதல். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தக் கசிவு உண்டாவது இப்படித்தான்.

"அடிபட்டதும் எழுந்து நல்லாத்தான் பேசினார். டீ கூடக் குடித்தார். வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கலை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேரும்போது இப்படி நடப்பது உண்டு. முதலில் தெளிவாக இருப்பார். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம். அதனால்தான் தலையில் அடி என்றால், ஆள் எழுந்து நடந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் விடக்கூடாது.

"நான் மெதுவாத்தானே போறேன்... பக்கத்துத் தெருதானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழுந்தாலே, தரையைத் தொடும்போது தலையின் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வண்டியின் வேகம் இதில் சேரவே இல்லை! காய்கறி வாங்கப் போகும் தெருவில், மணலில் சக்கரம் வழுக்கினாலும் இதே வேகம்தான்.

ஹெல்மெட் என்ன செய்கிறது? வெளிக்கூடு அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே இருக்கிற தெர்மகோல் போன்ற அடுக்கு நசுங்கி, தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் தாமதமாக நிற்கும்படி செய்கிறது. அந்தக் கண நேரத் தாமதம்தான் உயிர். ஹெல்மெட் போட்டவர்களுக்கு உயிரிழக்கும் அபாயம் சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பலன் தரும் ஒரு மாத்திரை கடையில் கிடைத்தால் வரிசையில் நின்று வாங்க மாட்டோமா?

கணக்கைப் பாருங்கள்

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 44.5 சதவீதம் பேர் டூ வீலரில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்த ஐம்பதாயிரத்தில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்து போனவர்கள். மனைவி, அம்மா, தங்கை, நண்பன்...

நம் தமிழ்நாட்டில் அதே ஆண்டு 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நாம்தான். இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். ஒரு நோயில் தினம் இத்தனை பேர் போனால் ஊரே கொந்தளிக்காதா? சாலையில் போனால் மட்டும் "விதி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அதனால்தான் சொல்கிறேன், ஹெல்மெட் சோதனை என்பது வெறும் போலீஸ் சமாசாரம் இல்லை. குடிநீரில் குளோரின் போடுவது மாதிரி, தடுப்பூசி மாதிரி, அது ஒரு பொது சுகாதார வேலை. காக்கிச் சட்டை போட்டவர் செய்கிற சுகாதார வேலை.

சட்டம் புதுசா?

புதுசே இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. ஓட்டுபவருக்கும் சரி, பின்னால் இருப்பவருக்கும் சரி. வாரை மாட்டி, தலையோடு இறுக்கமாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு.

2019-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. அதுவரை நம் ஊரில் அபராதம் 100 ரூபாய்தான். தமிழக அரசு 2022 அக்டோபரில் புதிய தொகையை அமலுக்குக் கொண்டுவந்தது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாத்திரையை வருஷத்துக்கு ஒரு வாரம் சாப்பிடலாமா?

சட்டம் இருந்தும் ஏன் தலையில் ஏறவில்லை? வரலாற்றைப் பார்த்தால் புரியும். 2007 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று அமல்படுத்தினார்கள். கொஞ்ச நாளில் கெடுபிடி தளர்ந்துவிட்டது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. நீதிபதி என். கிருபாகரன் உத்தரவுப்படி அந்த ஆண்டு ஜூலை 1 முதல் கட்டாயம். ஹெல்மெட் இல்லாதவரின் ஆவணங்களைப் பறிமுதல் செய்ய வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட்டும் அதன் ரசீதும் காட்டினால்தான் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். அடேயப்பா! கடைகளில் என்ன கூட்டம்! ஸ்டாக் தீர்ந்து போனது, விலை ஏறியது. தெருவெங்கும் ஹெல்மெட் தலைகள். அப்புறம்? சோதனை குறையக் குறைய, ஹெல்மெட்டும் தலையிலிருந்து டேங்குக்கு இறங்கிவிட்டது. 2022 மே மாதம் சென்னை போக்குவரத்து போலீஸார் பின்னால் உட்காருபவர்களைக் குறிவைத்து சிறப்புச் சோதனை தொடங்க வேண்டியிருந்தது.

ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார். அதை வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் ஜோராகச் சாப்பிட்டுவிட்டு, மீதி ஐம்பத்தோரு வாரம் சும்மா இருந்தால் என்ன ஆகும்? "சாலைப் பாதுகாப்பு வாரம்", "சிறப்பு அதிரடிச் சோதனை" எல்லாம் அப்படித்தான் ஆகிவிடுகின்றன. எமன் வேஷம் போட்டு நிற்பது, ஹெல்மெட் போட்டவருக்கு ரோஜாப்பூ கொடுப்பது, 2020-ல் கொரோனா கிருமி வடிவத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மக்களை மறித்துப் பேசியது... எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்ததுதான். போட்டோ பேப்பரில் வரும். பார்த்து ரசிப்போம். ஆனால் பழக்கம் என்பது ரசிப்பதால் வருவதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதால் வருகிறது.

வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள். 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலையிலும், ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். முதல் நாளே முழு மூச்சாக அமல்படுத்தினார்கள். கொஞ்ச நாளிலேயே ஹெல்மெட் போடுவோர் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். வாரை மாட்டாமல் சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போனவர்களையும் அடுத்த ஆண்டே விதியை இறுக்கிப் பிடித்தார்கள். அவர்கள் தலையும் நம் தலையும் ஒன்றுதானே?

துரத்தாதீர்கள் ஐயா!

இப்போது போலீஸ் பக்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

2018 மார்ச் 7-ஆம் தேதி இரவு. திருச்சிக்குப் பக்கத்தில் ஹெல்மெட் சோதனை. ஒரு தம்பதி நிற்காமல் போய்விட்டார்கள் என்று ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் ஓடுகிற வண்டியை எட்டி உதைத்தார். பின்னால் இருந்த மனைவி விழுந்து உயிரிழந்தார். ஊர் கொதித்தது, மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அந்த அதிகாரி கைது செய்யப்பட்டார். எல்லாம் சரி. போன உயிர்?

தலையைக் காப்பாற்றத்தானே சட்டம்? அந்தச் சட்டத்தின் பேரில் ஒரு தலை போகலாமா? வளைவில் மறைந்து நின்று திடீரென்று குறுக்கே பாய்வது, சாவியைப் பிடுங்குவது, லத்தியை நீட்டுவது, விரட்டிக்கொண்டு ஓடுவது இதெல்லாம் சோதனை இல்லை. இவையே விபத்துக்கு வழி. பயந்துபோன இளைஞன் என்ன செய்வான்? பிரேக்கைப் பிடிக்க மாட்டான், ஆக்சிலரேட்டரைத் திருகுவான். 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஹெல்மெட் போடாதவரைத் துரத்திப் பிடிக்கக்கூடாது, கேமரா போன்ற நவீன வசதிகளைப் பயன்படுத்துங்கள் என்றது.

இன்றைக்கு அந்த வசதி கையிலேயே இருக்கிறது. வண்டி நம்பரைப் படம் எடுத்தால் போதும், இ-சலான் தானாக வீடு தேடி வரும். மின்னணுக் கண்காணிப்புக்கு 2021-ல் மத்திய அரசு விதிகளே கொண்டுவந்தது. குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. சென்னையில் 2018-லேயே கையில் ரொக்கம் வாங்காமல் கார்டு மூலம் அபராதம் கட்டும் முறை வந்துவிட்டது. ஓடுகிறவன் ஓடட்டும், நம்பர் ஓடுமா?

என் கட்சி இதுதான். அபராதத் தொகை பெரிதாக இருப்பதைவிட, மாட்டுவது நிச்சயம் என்பது முக்கியம். ஆயிரம் ரூபாய் அபராதம், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாட்டுவோம் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். "என்னிக்குப் போனாலும், எந்தத் தெருவில் போனாலும் தப்ப முடியாது" என்று தெரிந்தால் சின்ன அபராதமே போதும். ஆகவே போலீஸ் துறைக்கு நாம் கேட்க வேண்டியவை இவைதான்.

மாதக் கடைசியில் கேஸ் எண்ணிக்கைக்காக ஒரு நாள் நிற்காமல், தினமும் கொஞ்ச நேரமாவது சோதனை நடக்கட்டும். மெயின் ரோட்டில் மட்டும் வேண்டாம், உள் தெருக்களிலும், கிராமத்துச் சாலைகளிலும் நடக்கட்டும். வெளிச்சமான, வண்டியை ஒதுக்க இடமுள்ள இடத்தில், தூரத்திலேயே தெரிகிற மாதிரி போர்டு வைத்து நிற்கட்டும். நிறுத்தியவரிடம் மரியாதையாகப் பேசட்டும். "ஏம்மா, கீழே விழுந்தா குழந்தைங்களை யார் பார்ப்பாங்க?" என்ற ஒரு கேள்வி, "ஏய், ஓரங்கட்டு!" என்ற அதட்டலைவிட ஆழமாக இறங்கும். ரசீது இல்லாமல் ஒரு பைசா கைமாறக் கூடாது. நூறு ரூபாயில் பேசி முடித்தால், ஹெல்மெட்டுக்குப் பதில் நூறு ரூபாய் போதும் என்றுதான் ஜனங்கள் கற்றுக்கொள்வார்கள். கடைசியாக, ஹெல்மெட் இல்லாமல் போகும் போலீஸ்காரருக்கு முதல் கேஸ். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்!

ஹெல்மெட்டோடு முடிந்துவிடவும் கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஒருவழிப் பாதையில் எதிரே வருவது, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு போவது இவையெல்லாம் அடுத்தவர் உயிரையும் எடுப்பவை. ஹெல்மெட் கேஸ் போடுவது சுலபம், தூரத்திலேயே தெரியும். சுலபமானதை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. ரோட்டில் குழியும், வெளிச்சமில்லாத வேகத்தடையும் இருக்கும்போது அபராதம் மட்டும் போடுவது நியாயமா என்று மக்கள் கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது. எந்த இடத்தில் அடிக்கடி விபத்து என்பது போலீஸுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலைக் காட்டி நெடுஞ்சாலைத் துறையை விரட்டட்டும். அந்த விரட்டல் வேண்டும்!

இனி நம் வீட்டுக்குள்...

குறை சொல்லி முடித்தாயிற்று. இப்போது கண்ணாடியைப் பார்ப்போம்.

"தலைமுடி கொட்டுது" என்கிறீர்கள். வழுக்கைக்குப் பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும்தான் காரணம். வியர்வையும் பொடுகும் தொல்லை என்றால், மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டி அதன் மேல் ஹெல்மெட் போடுங்கள். துணியைத் தினமும் துவையுங்கள். "வெயில் தாங்கலை" என்கிறீர்கள். காற்றோட்டத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். "பூ நசுங்குது" என்கிற அம்மாக்களே, பூவை இறங்கின பிறகு வைத்துக்கொள்ளலாமே!

பின் சீட்டில் ஒரு பக்கமாக, கையில் குழந்தையும் மடியில் பையுமாக, புடவைத் தலைப்பு பறக்க உட்கார்ந்து போகிற பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பிடிக்க ஒன்றும் இருக்காது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் முதலில் போகிறவர் அவர்தான். பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால் வைக்க இடம் எல்லாம் வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிப் போடாதீர்கள். வீட்டில் ஒரு வண்டி என்றால் இரண்டு ஹெல்மெட். இது கணக்கு.

ஹெல்மெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜூன் முதல் அந்த முத்திரை இல்லாத டூ வீலர் ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தப்பு. பிளாட்பாரத்தில் மலிவாகக் கிடைக்கிற பிளாஸ்டிக் தொப்பி போலீஸைத் திருப்திப்படுத்தலாம், தார் ரோட்டைத் திருப்திப்படுத்தாது. போட்டு, வாரை மாட்டி, தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. வாரை மாட்டாத ஹெல்மெட் விழும்போது உங்களுக்கு முன்னால் பறந்து போய்விடும். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கிற பையன் கேட்டான் என்று சாவியைக் கொடுக்கிற அப்பாக்களே, கொஞ்சம் நில்லுங்கள். வயது வராத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்தச் சாவியைக் கொடுத்த கையை நீங்கள் எங்கே வைத்துக்கொள்வீர்கள்?

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம். "போலீஸ் கேஸாயிடும்" என்று ஒதுங்காதீர்கள். உதவி செய்தவரைக் கேஸில் இழுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது பழமொழி. தலைப்பாகை தலையில் இருந்தால்தானே அதோடு போகும்? டேங்க் மேல் இருந்தால்?

நாளைக் காலையில் வண்டியை எடுக்கும்போது தெருமுனையில் போலீஸ் நிற்கிறாரா என்று எட்டிப் பார்க்காதீர்கள். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி நிற்பார். "டாடா" சொல்ல மகள் நிற்பாள். அவர்கள் பார்க்கும்போதே ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டுங்கள். மறந்தால், "அப்பா, ஹெல்மெட்!" என்று சொல்ல மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். லஞ்சம் வாங்காத, லீவு போடாத டிராஃபிக் போலீஸ் அவள்தான்!